ஐந்தாம் நம்பர் செருப்பு

ஞானபாக்கியம் டீச்சருக்குக் கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கத் தெரியாது என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், சொன்ன வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன். கடையில் எப்படிக் கேட்க வேண்டும், எப்படி விலை விசாரிக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் எப்படி வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு வாரா வாரம் பாடம் எடுத்தவரே அவர்தான். அதுவும் இங்கிலீஷில். ஆனால் இந்தப் பங்குனி மாதம் நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

நான் பொன்செல்வி. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் கடை வைத்திருக்கிறேன். துண்டு, தேய்த்துக் குளிக்க எண்ணெய், சீயக்காய்த் தூள், சோப்பு என்று அருவிக்கு வருகிறவர்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருகிற அத்தனையும் என் கடையில் கிடைக்கும். சீசனில் மூச்சுவிட நேரம் இருக்காது. அருவியில் தண்ணீர் வற்றிவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடையில் இருக்கிற துண்டை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கிளம்புகிறவர்களை நான் சும்மா அனுப்புவதில்லை. நாலு வார்த்தை கேட்டுத்தான் அனுப்புவேன்.

என் மகள் ஸ்வாதி கனடாவில் இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள் என்று செய்தி வந்ததும், பிள்ளைப்பேறு பார்க்க வரச் சொன்னாள். "எம்மா, இங்க வந்து நீ பேசாம வீட்டுக்குள்ள இருந்தா ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். கடைகண்ணிக்குப் போயி நாலு வார்த்த பேசுத அளவுக்காவது இங்கிலீஷ் படிச்சிட்டு வா" என்றாள். அருவியும் வற்றிக் கிடந்தது. நான் தென்காசிக்குப் பஸ் ஏறினேன்.

டீச்சர் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் இங்கிலீஷ் எடுத்துவிட்டு ரிட்டயரானவர். மாடியில் ஒரு அறையை ஒழித்துப் போட்டு வகுப்பு நடத்தினார். வந்து போகிறவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, பேரப்பிள்ளை பார்க்கப் போக விசாவுக்குக் காத்திருக்கிற அம்மாமார். அச்சன்புதூரிலிருந்து தங்கத்தாய் என்று ஒருத்தி வருவாள். வயலும் மாடும்தான் அவளுக்குத் தெரியும். மகன் லண்டனில் இருக்கிறான்.

வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்குப் போனால், மேஜை மேல் கடை விரித்து வைத்திருப்பார் டீச்சர். ஒரு சட்டை, ஒரு கைப்பை, குடை, சோப்பு டப்பா. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பார். நாங்கள் இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். எல்லா நாளும் அவர்தான் கடைக்காரி.

"ஐ வான்ட் ஷர்ட்" என்பேன் நான்.

"நீ வாங்க வந்திருக்கியா, வழிப்பறி பண்ண வந்திருக்கியா? குட் ஐ ஸீ தட் ஷர்ட், ப்ளீஸ். சொல்லு."

"என் கடையில இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் ப்ளீஸ்னு கேட்டதில்ல டீச்சர்."

"நீ நிக்க நிலையப் பாத்தா எவனுக்குக் கேக்கத் தோணும்? சொல்லுட்டி."

இப்படித்தான் போகும் வகுப்பு. சாமானைத்தான் எக்ஸ்பென்ஸிவ் என்று சொல்ல வேண்டுமாம். விலையைச் சொல்வதாக இருந்தால் ஹை என்றுதான் சொல்ல வேண்டுமாம். சேலை நிறம் உடம்புக்கு எடுப்பாக இருந்தால் சூட்ஸ் மீ, சட்டை அளவு சரியாக இருந்தால் ஃபிட்ஸ் மீ. தங்கத்தாய் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, "சவத்த, ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்" என்று அழாத குறையாகக் கேட்பாள். டீச்சருக்குக் கோபமே வராது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஒரே ஒரு பாடத்தில் மட்டும் மேஜையைத் தட்டுவார். வெரி டைட் என்பதற்கும் டூ டைட் என்பதற்கும் உள்ள வித்தியாசம். "வெரி டைட்னா நல்லா இறுக்கமா இருக்கு, அவ்வளவுதான். டூ டைட்னா இது எனக்கு ஆவாது, வேற எடுன்னு அர்த்தம். நீங்க வெரின்னு சொன்னா கடைக்காரன் தலைய ஆட்டிட்டு நிப்பான். டூன்னு சொன்னாத்தான் எந்திரிச்சுப் போயி வேற எடுத்துட்டு வருவான். வாயி இருக்குல்லா, சொல்லணும். சொல்லாம பொறுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து வயித்தெரிச்சல் படப்பிடாது" என்பார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து இட் இஸ் டூ டைட் என்று கத்துவோம். கீழே தெருவில் போகிறவர்கள் நின்று மேலே பார்ப்பார்கள்.

பங்குனி பிறந்தபோது டீச்சர் வலது காலில் கட்டுப் போட்டிருந்தார். சுண்டு விரலில் புண். அவருக்குச் சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு. முதலில் சிறு கொப்புளம் என்று விட்டுவிட்டார். அது உடைந்து நீர் வடிந்தது, பிறகு கருக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, செருப்பு உரசித்தான் வந்திருக்கிறது, மெத்தென்று இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடுங்கள், கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். டீச்சர் எங்களிடம் அதைச் சொல்லிவிட்டு உடனே பாடத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்கு ஒரு வார்த்தையும் மண்டையில் ஏறவில்லை.

செல்லப்பா அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீச்சரின் வீட்டுக்காரர். வத்தல், மல்லி மொத்த வியாபாரம். செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குச் சரக்கு போகும். அவர் அப்பா காலத்து மண்டி. அண்ணாச்சியைப் போல ஒரு புருஷன் எனக்கு வாய்க்கவில்லையே என்று நான் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். ஒரு கிலோ தக்காளி வாங்கிவரச் சொன்னால் எல்லையைக் காக்கப் போகிறவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். அண்ணாச்சி அப்படி இல்லை. அந்த வீட்டுக்குக் காய்கறி முதல் கடுகு வரை எல்லாம் அவர் கையால்தான் வரும். டீச்சருக்குச் சேலை, சட்டைத்துணி, கண்ணாடி, பேனா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எல்லாமே. கிறிஸ்துமஸுக்கு ஜவுளிக்கடைக்காரர் சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவார். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விரிக்கச் சொல்லி, நிதானமாக எடுப்பார். டீச்சர் கதவோரம் நின்று பார்ப்பார்.

"குடுத்து வச்சவுக டீச்சர் நீங்க" என்று நான் ஒருநாள் சொன்னேன். டீச்சர் சிரித்தார், அவ்வளவுதான்.

டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே அண்ணாச்சி திருநெல்வேலிக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே நல்ல எம்.சி.ஆர். செருப்பாகப் பார்த்து வாங்கி வந்தார். டீச்சரும் அன்றிலிருந்து அதைத்தான் போட்டார். பள்ளிக்கூடத்துப் பழக்கம், வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடந்துகொண்டே இருப்பார். ஆனால் புண் ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. விரல் வீங்கிப் போய், கட்டைத் தாண்டி வாடை வர ஆரம்பித்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். அண்ணாச்சிக்குக் காலையில் லோடு வருகிற நேரம். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மாறிப் போனது. "செருப்பு மாத்தச் சொன்னேன்ல, மாத்துனீங்களா இல்லையா?" என்று சத்தம் போட்டார். மாற்றிவிட்டோம், மெத்தென்றுதான் இருக்கிறது என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். "அப்பம் ஏன் இப்படி ஆகுது? எனக்கே புரியலயே. இனியும் கருத்துக்கிட்டே போச்சுன்னா விரல எடுக்காம இருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. டீச்சர் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நம் ஊரில் டாக்டர் அறைக்குள் யார் செருப்போடு போகிறோம். டாக்டரம்மாவும் காலை மட்டும்தான் பார்த்தார், செருப்பைப் பார்க்கவில்லை. அது யாருக்கும் தோன்றவும் இல்லை.

டீச்சரால் குனிய முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து செருப்பை மாட்டிவிடப் பார்த்தேன். கால் உள்ளே போகவில்லை. கட்டு இருப்பதால்தான் போகவில்லை என்று நினைத்து இடது காலுக்கு மாட்டினேன். அதுவும் இழுத்துப் பிடித்துத்தான் போனது. சேலையைத் தூக்கிப் பார்த்தேன். குதிகால் செருப்புக்கு வெளியே தொங்குகிறது. முன்னால் விரல்கள் வாரை முட்டிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. சுண்டு விரல் வாருக்கு வெளியே பிதுங்கி, கணுவெல்லாம் காய்த்துக் கல்லாகியிருந்தது. எத்தனையோ நாள் அந்தக் காலுக்கு எதிரில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். சேலைக் கரைக்குக் கீழே இப்படி ஒன்று இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"டீச்சர், வேற யார் செருப்பையோ மாத்திப் போட்டுட்டு வந்துட்டிய."

"இல்லட்டி, என்னுதுதான்."

"இது ஒங்களுக்கு எப்படிச் சேரும்? சின்னப்பிள்ள செருப்பால்லா இருக்கு."

"என் அளவு அஞ்சு. அஞ்சுதான் போட்டிருக்கு பாரு" என்று செருப்பின் அடியைக் காட்டினார். அஞ்சுதான் போட்டிருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. ஒரு ஆட்டோவை நிறுத்தி டீச்சரை ஏற்றி, நேரே பெரிய கோயில் பக்கத்தில் எனக்குத் தெரிந்த செருப்புக் கடைக்கு விடச் சொன்னேன். கடை வாசலில் ஆட்டோ நின்றது. நான் இறங்கிவிட்டேன். டீச்சர் இறங்கவில்லை. ஆட்டோ கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ போயி வாங்கிட்டு வா. நான் இங்கன இருக்கேன்."

"கால் இங்க இருக்கு. நான் போயி எத வச்சு அளக்க? இறங்குங்க டீச்சர்."

"எனக்குப் பழக்கமில்ல பொன்செல்வி."

"என்ன பழக்கமில்ல?"

"கடைக்குள்ள போயி."

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு நடுங்கியது. ஆட்டோக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டே டீச்சர் சொன்னார்.

மண்டிக்காரர் வீட்டுப் பெண் இன்னொருவர் கடைவாசலில் நின்று பேரம் பேசினால், அந்த மண்டி நொடித்துவிட்டது என்று ஊர் நினைக்கும். அப்புறம் கடனுக்குச் சரக்கு தர மாட்டார்கள். அது அவர் மாமனார் காலத்துச் சட்டம். வீட்டுக்கு வேண்டியது வீட்டுக்கு வந்து சேர வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் டீச்சர் ஒரு பெட்டிக்கடையில் நின்று கொண்டை ஊசி கேட்டிருக்கிறார். அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி மண்டிக்குப் போய்விட்டது. மாமனார் மூன்று வேளை சாப்பிடவில்லை. அதோடு சரி. பள்ளிக்கூடம், சர்ச், வீடு. போக வர ஆட்டோ. சம்பளத்தை வாங்கி அப்படியே அண்ணாச்சி கையில் கொடுத்துவிடுவார்.

"அப்பம் எங்களுக்குச் சொல்லித் தந்தது எல்லாம்?" என்றேன்.

"பாடப் புஸ்தகத்துல இருக்கும்லா. அட் த ஷாப்னு ஒரு லெஸன் வரும். வருசா வருசம் எடுத்து எடுத்து மனப்பாடம்."

"நெசத்துல ஒரு தடவ கூட?"

"ஒரு தடவ கூட இல்லட்டி."

குட் ஐ ஸீ தட், டூ யூ ஹேவ் எ லார்ஜர் சைஸ் என்று அந்த வாயிலிருந்து தண்ணீராகக் கொட்டுமே. கனடாவில் இருக்கிற கடைக்காரன் எல்லாம் டீச்சரிடம் கைகட்டி நிற்பான் என்று நான் என் வீட்டுக்காரரிடம் பெருமை பேசியிருக்கிறேன். தென்காசியில் பிறந்து, தென்காசியில் வாழ்க்கைப்பட்டு, தென்காசியில் ஒரு கடைப்படி ஏறாத மனுஷியா இவர் என்று எனக்குத் தலை சுற்றியது.

"ஊரு என்னமும் நெனச்சிட்டுப் போட்டும். விரலு போகப் போவுது டீச்சர். இறங்குதியளா, இல்ல நான் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றேன். தூக்கினாலும் தூக்கிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, இறங்கினார்.

உள்ளே போனதும் எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தேன். கடையில் வேலை பார்க்கிற பெண் மிஸ்ரியா வந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். டீச்சர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார். சர்க்கரைக்காரங்க போடுத செருப்பு என்று நான்தான் சொன்னேன்.

"என்ன சைஸ்மா?"

"அஞ்சு" என்றார் டீச்சர். அதை மட்டும் சத்தமாகச் சொன்னார்.

மிஸ்ரியா காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் அளவுப் பலகையை எடுத்து வந்து தரையில் வைத்தாள். நல்ல காலை அதில் வைத்தார் டீச்சர். நானும் குனிந்து பார்த்தேன்.

"ஏழு வருதும்மா."

"இருக்காதும்மா. அஞ்சுதான். அவங்களுக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரங்களுக்கு."

மிஸ்ரியா திருதிருவென்று முழித்தாள். கால் இங்கே பலகையில் இருக்கிறது, அளவு கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, டீச்சரோ மண்டியில் வத்தலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஏழாம் நம்பர் செருப்பைக் கொண்டுவரச் சொல்லி நானே இரண்டு காலிலும் மாட்டினேன். கட்டுப் போட்ட காலுக்கும் வாரைத் தளர்த்திவிட்டதும் சுலபமாகப் போனது. நடந்து பாருங்கள் என்றேன்.

டீச்சர் எழுந்து நின்றார். ஒரு அடி வைத்தார். நின்றுவிட்டார். கீழே குனிந்து பார்த்தார். இன்னும் ஒரு அடி வைத்தார். கடைக் கோடிவரை போய்த் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பொன்செல்வி, செருப்புன்னா இப்படித்தான் இருக்குமா?"

"எப்படி டீச்சர்?"

"வலிக்காம."

நான் குனிந்து வாரை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன்.

"எல்லாருக்கும் வலிக்கும்னுல்லா நெனச்சேன். அதான வீட்டு வாசல் வந்ததும் எல்லாரும் மொத வேலையா கழத்திப் போடுதாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

மிஸ்ரியா கையில் பெட்டியோடு அப்படியே நின்றாள். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை காலம் அந்தக் காலை வைத்துக்கொண்டு, கரும்பலகைக்கு முன்னால் நாளெல்லாம் நின்று, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டூ டைட் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே இந்த அம்மா.

அன்றைக்கு மத்தியானம் நான் குற்றாலத்துக்குத் திரும்பவில்லை. அண்ணாச்சி சாப்பிட வரும்வரை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்காமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. அண்ணாச்சி வந்தார். வாசலில் புதுச் செருப்பு கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"இது யாரு வாங்கிட்டு வந்தது?"

"நாந்தான்" என்றார் டீச்சர்.

"நீயா? எங்கன இருந்து?"

"பெரிய கோயில் பக்கத்துக் கடையில."

"கடைக்குள்ள போனியா?" அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் குத்துக்கல்லாட்டம் மண்டியில இருக்கும்போது, நீ கடையில போயி நின்னியா? யாரெல்லாம் பாத்தாங்க?"

அதற்கு மேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, யாரு பாத்தா என்ன? நீங்க வாங்கிட்டு வந்தது டீச்சருக்குச் சேரல. அவுக அளவு ஏழு. அஞ்சப் போட்டுப் போட்டு விரலு அழுகிப் போயி நிக்கு."

அண்ணாச்சி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். ஒன்றும் தெரியாதவளுக்கு விளக்குவது போலச் சொன்னார். "இல்லம்மா. அஞ்சுதான். கல்யாணத்துக்கு முன்னாலயே இவ அம்மைட்ட நானே போயி கேட்டேன். பொண்ணுக்குச் செருப்பு எடுக்கணும், அளவு என்னன்னு. அஞ்சுன்னாங்க. இன்னைக்கு வரைக்கும் நான் அத மறந்ததில்ல. ஒரு தடவகூட மாத்தி வாங்குனதில்ல."

சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு பெருமை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் போட்ட அளவை அவர் அம்மா சொல்லியிருக்க வேண்டும். இந்த மனுஷன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, பாசத்தோடு, வருஷா வருஷம், இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார்.

நான் வாசலுக்குப் போய் இரண்டு செருப்பையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அண்ணாச்சி இரண்டையும் கையில் எடுத்து அடியோடு அடி சேர்த்துப் பிடித்தார். பெரியது சின்னதைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. டீச்சர் காலைப் பார்த்தார். திரும்பவும் செருப்பைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேனே ஞானம். காலுக்குச் சரியா இருக்கான்னு கேட்டேனே."

"கேட்டிய."

"கச்சிதமா இருக்குன்னுல்லா சொன்ன?"

"ஆமா. சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

டீச்சர் வகுப்பில் பேசுகிற அதே நிதானத்தோடு சொன்னார். "மொத மொதல்ல வாங்கிட்டு வந்தப்பம் கடிக்குன்னு சொன்னேன். ஒங்க அப்பா வீட்டு முத்தத்துல நின்னு அதக் கேட்டுட்டாவ. வாங்குன சரக்கத் திருப்பிக் குடுக்க மண்டிக்காரன் வீட்டுல இருந்து ஆளு போச்சுன்னா, நாளைக்கு எவன் நம்மள நம்பிச் சரக்கு வாங்குவான்னு ஒங்கள வஞ்சாவ. நீங்க அந்தச் செருப்பக் கையில வச்சிக்கிட்டுத் தலையக் குனிஞ்சு நின்னிய. அதப் பாக்கச் சகிக்கல. இனி சொல்லப்பிடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"எங்க அப்பா போயிச் சேந்து எவ்வளவு காலம் ஆச்சு ஞானம். அதுக்குப் பொறவாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"அதுக்குள்ள பழகிட்டு" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதுச் செருப்பு போட்டாயிற்று, இனிப் புண் வாடிவிடும் என்றுதான் எல்லாரும் நம்பினோம். தங்கத்தாய் பண்பொழி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். டீச்சர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புவரை போய்விட்டது, இனி வைத்திருந்தால் பாதத்துக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் முன்னால் அளவான செருப்பு போட்டிருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அதை அண்ணாச்சி நிற்கும்போது சொல்லியிருக்க வேண்டாம். மனுஷன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விரலை எடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் நான் பார்க்கப் போனேன். டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலில் பெரிய கட்டு. அண்ணாச்சி மண்டியைக் கணக்குப்பிள்ளை பொறுப்பில் விட்டுவிட்டு அங்கேயேதான் இருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். சவரம் செய்யாத முகம், கசங்கிய வேட்டி. எப்போதும் சலவை மடிப்போடு பார்த்த மனுஷனை அப்படிப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அண்ணாச்சி பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். டீச்சர் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சூடு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி டம்ளரைப் பார்த்தார். டீச்சர் முகத்தைப் பார்த்தார். பிறகு, பயந்தவர் போல, "நெசமாத்தான் சொல்லுதியா?" என்று கேட்டார்.

இன்னும் ஒரு வாய் குடிக்கப் போன டீச்சர், குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார்.

"ஞானம்" என்றார் அண்ணாச்சி. "செருப்பு மாதிரி வேற என்னத்தையெல்லாம் நல்லாருக்குன்னு சொன்ன?"

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியை, அந்தப் பாவப்பட்ட மனுஷனை, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க" என்றார். "நேரமாவும்."